போன வருஷத்து வாக்குத்தத்தம்

போன டிசம்பர் பிறந்ததும் என் வீட்டுக்காரருக்கு ஜோசியப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. கிளி, கைரேகை, கட்டம் எதுவும் கிடையாது. நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள், அதெல்லாம் எங்களுக்கு ஆகாது. அவருக்குக் கையில் ஃபோன் இருந்தால் போதும். திண்டிவனம் மார்க்கெட் பக்கம் குட்டி யானை வண்டியை நிறுத்திவிட்டு லோடுக்காகக் காத்திருக்கும் நேரத்தில், 'அடுத்த வருஷம் என்ன ஆகும்' என்று எவனெவனோ பேசும் வீடியோக்களை வரிசையாகப் பார்ப்பார். பார்த்ததையெல்லாம் ராத்திரி சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து என்னிடம் இறக்கி வைப்பார். பேசும்போது இடது கை தானாகக் கழுத்துக்குப் போய், காதுக்குக் கீழே ஒரு இடத்தைத் தடவிக்கொண்டே இருக்கும். அந்தத் தடவலைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். இந்த ஜோசியப் பழக்கமும் அந்தத் தடவலும் அவருக்குச் சமீபத்தில் ஒட்டிக்கொண்டவை.

"அடுத்த வருஷம் டிரைவரே இல்லாத வண்டி வரப்போவுதாம்."

"வரட்டும். மார்க்கெட் ரோட்டு நடுவுல படுத்துக்கினு இருக்குற மாட்ட யாரு எழுப்புவாங்க? வண்டியே எறங்கி வந்து வால முறுக்குமா?"

"தங்கம் இன்னும் ஏறும்னு ஒருத்தன் சொல்றான். எறங்கும்னு ஒருத்தன் சொல்றான்."

"ரெண்டுல ஒண்ணு நடந்துடும். இதுக்கு எதுக்கு வீடியோ?"

பத்து நிமிஷத்தில் பால், காய்கறி எல்லாம் வீட்டு வாசலுக்கு வந்துவிடும் என்பார். எங்கள் தெருவைக் கண்டுபிடிக்கவே கொண்டு வருகிறவனுக்கு அரை மணி நேரம் ஆகும் என்பேன். புது பஸ் ஸ்டாண்டு, புது ரயில் பாதை என்று வருஷா வருஷம் ஆரூடம் கேட்டே வளர்ந்த ஊர் எங்களுடையது. அடுத்த வருஷம் வரும் என்று யாராவது சொன்னால் நாங்கள் தலையாட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். அவர் மட்டும் எல்லாவற்றையும் நம்பினார்.

இந்தக் கிண்டலெல்லாம் ஒரு நாள் வரைக்கும்தான் ஓடியது. அன்றைக்கு அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "காதுல கேட்டு கம்ப்யூட்டர்ல எழுதுற வேலைங்க இருக்குதே, அதுங்கதான் மொதல்ல போவுமாம்."

நான் அவர் தட்டில் ரசத்தை ஊற்றினேன். அவர் சொன்ன அந்த வேலைதான் என் வேலை.

விழுப்புரத்தில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே, மாடியில் எங்கள் ஆபீஸ். காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, யார் யாரோ தமிழில் பேசிப் பதிவு செய்ததைக் கேட்க வேண்டும். மெஷின் அதைக் கேட்டு ஏற்கெனவே எழுத்தாக்கி வைத்திருக்கும். சரியாக இருந்தால் விடலாம், தப்பாக இருந்தால் திருத்த வேண்டும். மதுரைக்காரர் தன் டிராக்டரைப் பற்றிப் பேசுவார், தூத்துக்குடிப் பெண் ஒருத்தி மாமியாரைப் பற்றிக் குறைப்படுவாள், யாரோ ஒரு தாத்தா இருமிக்கொண்டே ரேஷன் கடையைத் திட்டுவார். யாரென்றே தெரியாத இத்தனை பேர் என் காதுக்குள் வந்து பேசிவிட்டுப் போவது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சாயங்காலம் பஸ்ஸில் கூட்டேரிப்பட்டு தாண்டும்போது அவர்களில் ஒருவர் நினைவுக்கு வந்து சிரித்துக்கொள்வேன். பக்கத்து சீட்டுப் பெண் கொஞ்சம் தள்ளி உட்காருவாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் அம்மா கடைசிவரை மற்றவர்கள் நிலத்தில் மல்லாட்டை பிடுங்கியவர், வேர்க்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். களை எடுத்தாலும், மல்லாட்டை ஆய்ந்தாலும், கூலிக்குக் காத்திருந்தாலும் தரைதான். எங்கள் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். சுழலும் நாற்காலி, வலது கைப்பிடியின் ரெக்ஸின் கிழிந்து பஞ்சு தெரிந்தது. என் பழைய பச்சை துப்பட்டாவைக் கிழித்து அதில் சுற்றி வைத்திருந்தேன். வேறு யாராவது அதில் உட்கார்ந்துவிட்டால் சண்டைக்கே போய்விடுவேன். கர்வம்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்த வாரமே மேனேஜர் எங்களையெல்லாம் உட்கார வைத்து, சுவரில் படம் போட்டுக் காட்டினார். தலைப்பு 'வரும் ஆண்டு'. எல்லா அம்புக்குறியும் மேலே போய்க்கொண்டிருந்தது. டை கட்டிய நல்ல மனிதர், எங்களை மேடம் என்றுதான் கூப்பிடுவார்.

"ஏஐ உங்க வேலைய எடுத்துக்காது மேடம். ஏஐ தெரிஞ்சவங்க, தெரியாதவங்க வேலைய எடுத்துப்பாங்க."

"சார், அதுக்குத் தமிழ் கத்துக் குடுக்குறதே நாங்கதான். எங்களுக்கு அதைத் தெரியாதுன்னா வேற யாருக்குத் தெரியும்?"

எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜரும் சிரித்தார். சிரித்தபடியே அடுத்த படத்தைப் போட்டார். கொஞ்ச மாதங்களாகவே எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் வரிக்கு வரி திருத்துவேன். இப்போது பக்கம் பக்கமாகக் கேட்டாலும் திருத்த ஒன்றும் இருப்பதில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை தேறிவிட்டால் டீச்சருக்குச் சந்தோஷம் வரவேண்டும். நான் ஒரு தப்பாவது கிடைக்காதா என்று ஓட்டி ஓட்டிக் கேட்டேன்.

இதற்கு நடுவில்தான் ஷூ கம்பெனி வேலை வந்தது. வீட்டுக்காரருக்குத் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் அங்கே சூப்பர்வைசர். புது லைன் போடுகிறார்கள், கம்பெனி வேன் வீட்டருகே வந்து ஏற்றிக்கொள்ளும், நாள் முழுக்க நின்றுகொண்டு ஷூவின் அடி அட்டைக்குப் பசை தடவ வேண்டும். ஜனவரி முதல் திங்கட்கிழமைக்குள் வருகிறேனா இல்லையா என்று சொல்லிவிட வேண்டும்.

"ஷூ கம்பெனி எங்கியும் போவாது. மனுசனுக்குக் காலு இருக்குற வரைக்கும் ஷூ இருக்கும்" என்றார் வீட்டுக்காரர்.

"காது இருக்குற வரைக்கும் எனக்கும் வேல இருக்கும்."

"அதான் மெஷினுக்கும் காது வந்துடுச்சே."

அன்றைக்கு ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்தோம். அவர் சொன்னது நடந்துவிடுமோ என்ற பயத்தில்தான் அவர் மேல் அத்தனை கோபம் வந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இருந்து அதுவும் போய்விட்டால்? நின்றுகொண்டு பசை தடவப் போய், இங்கே எல்லாம் நன்றாகவே நடந்துகொண்டிருந்தால்? டிசம்பர் முழுக்க இந்த இரண்டு கேள்விகளும் என் தலைக்குள் குடியிருந்தன. தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்களைக் கிண்டல் செய்த நானே, யாராவது ஒருவர் உறுதியாகச் சொல்லிவிட்டால் தேவலை என்று ஏங்க ஆரம்பித்தேன்.

கடைசியில் நானும் வாக்குத்தத்தத்தைத்தான் நம்பினேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். புது வருஷத்து ஆராதனை முடிந்ததும் எங்கள் சர்ச்சில் ஒரு தாம்பாளத்தில் சின்னச் சின்ன அட்டைகளைக் கவிழ்த்து வைப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வசனம், அதற்குக் கீழே அந்த வருஷத்து எண். வரிசையில் போய் ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். கையில் வருவதுதான் அந்த வருஷம் முழுக்க உங்களுக்கான வாக்கு. திருப்பி வைத்துவிட்டு வேறு எடுக்க முடியாது. எடுத்ததும் சிலர் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள், சிலர் பக்கத்தில் இருப்பவருடையதை எட்டிப் பார்ப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் பீரோக் கண்ணாடியில் ஒட்டிவிடுவோம். ஜோசியம் ஆகாது என்று சொல்லும் நாங்கள் இதை மட்டும் எப்படி எதிர்பார்த்துக் கிடப்போம் என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

இந்த வருஷம் பாஸ்டர் புதுமை செய்தார். அட்டை அடிக்க வேண்டாம், காகிதம் வீண், ஃபோனில் லிங்க் அனுப்புகிறோம், ஒருமுறை தொட்டால் உங்களுக்கான வசனம் படத்தோடு வரும் என்று கிறிஸ்துமஸ் அன்றே அறிவித்துவிட்டார். தூண்களில் எல்லாம் ஸ்கேன் செய்கிற கட்டத்தை அடித்து ஒட்டியிருந்தார்கள். புது வருஷத்துக் காலையில் ஆராதனை முடிந்து, "இப்ப எல்லாரும் தொடலாம்" என்று மைக்கில் சொன்னதும் சர்ச்சு முழுக்கத் தலைகள் குனிந்தன. ஜெபத்துக்குக்கூட அப்படிக் குனிந்து நான் பார்த்ததில்லை.

எல்லா ஃபோனிலும் ஒரு வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. வெளியே வேப்பமரத்தடியில் டவர் கிடைக்கும் என்று பாதிப் பேர் எழுந்து போனார்கள். "ஒரே நேரத்துல எல்லாரும் தொட்டா அது இன்னாதான் பண்ணும்?" என்று ஒருவர் லிங்க்குக்குப் பரிந்து பேசினார். பின்னால் இருந்த ஓர் அம்மா, "ஆண்டவரு நெட்வொர்க்ல இல்லன்னு சொல்லிடுங்க பாஸ்டர், நாங்க போய் பிரியாணி வைக்கிறோம்" என்றார்.

பாஸ்டருக்கு வியர்த்துவிட்டது. உள் அறைக்குப் போனவர், பீரோவில் இருந்து ஒரு கட்டோடு வெளியே வந்தார். போன வருஷம் மிஞ்சிய அட்டைகள். தாம்பாளத்தில் கொட்டிக் கவிழ்த்துவிட்டு மைக்கைப் பிடித்தார். "வருஷம்தான் பழசு, வார்த்தை பழசாவாது. வந்து எடுங்க."

எடுத்தோம். எடுத்த பிறகுதான் வேடிக்கையே ஆரம்பித்தது. எல்லோர் கையிலும் முடிந்துபோன வருஷத்துக்கான வாக்கு. வரப்போவதற்கு என்றால் ஆமென் சொல்லிவிட்டு நகரலாம். நடந்து முடிந்ததற்கு என்றால் சரிபார்க்கத்தானே தோன்றும்? பிள்ளை பாக்கியம் என்ற அட்டையை எடுத்த ஒரு பெண், இடுப்பில் இருந்த கைக்குழந்தையைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். வீடு அசையாது என்று வந்தவருக்குப் போன மழையில் பக்கத்துச் சுவர் இடிந்திருந்தது. அவர் அட்டையோடு நேரே பாஸ்டரிடம் போய், "இதுக்கு இன்னா பதில் சொல்றீங்க?" என்று நின்றார். பாஸ்டர் தலையைச் சொறிந்தார். "சுவருதானே போச்சு. உள்ள இருந்தவங்க யாருக்காவது ஒண்ணு ஆச்சா?" அவர் அட்டையை இன்னொரு தடவை படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

என் அட்டையில் வழிப்பயணத்தில் கூடவே வருவதாகச் சொல்லும் வசனம். வீட்டுக்காரருக்குக் களஞ்சியம் நிரம்பி வழியும் என்று வந்திருந்தது.

"நமக்கு ஏது களஞ்சியம்?" என்றேன்.

"வண்டில மூட்ட ஏத்துறேன் இல்ல? அதான் போல."

திரும்பும் வழியில் டீக்கடையில் வண்டியை நிறுத்தினார். எனக்கு மனசு ஆறவில்லை. ஒரு மாதமாக இந்த ஒரு காலைக்காகக் காத்திருந்தேன். நாற்காலியா, நிற்பதா என்று ஏதாவது ஒரு சாடை கிடைக்கும் என்று நம்பினேன். கிடைத்தது பழைய வருஷத்து அட்டை. அதைப் பெஞ்சில் போட்டுவிட்டு, "இத வச்சிக்கினு நான் இன்னா பண்றது? திங்கக்கெழம பதில் சொல்லணும்" என்றேன். எனக்கே என் குரல் அழுகை மாதிரிக் கேட்டது.

அவர் அட்டையை எடுத்து அந்த வருஷத்து எண்ணைப் பார்த்தார்.

"போன வருஷம் இதே நாளு நாம இன்னா வேண்டிக்கினோம்? ஞாபகம் இருக்கா?"

"இந்த வேலதான். அப்பவும் பொங்கலோட மூடிடுவாங்கன்னு சொல்லிக்கினு இருந்தாங்களே."

"வேலையா?" என்று என்னைப் பார்த்தார். கை கழுத்துக்குப் போனது. "என் கட்டிய மறந்துட்டியா?"

எனக்குத் திக்கென்றது. மறந்துதான் போயிருந்தேன்.

போன புது வருஷத்து ஆராதனைக்கு அவர் கழுத்தில் பிளாஸ்திரியோடு வந்திருந்தார். காதுக்குக் கீழே இருந்த கட்டியில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். புது வருஷம் கழித்துத்தான் முடிவு தெரியும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த நாட்களில் நான் சோறு சாப்பிட்டேனா, தூங்கினேனா என்று தெரியாது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு விக்கிரவாண்டி டோல்கேட் வரை அழுவேன், டோல்கேட் வந்ததும் துடைத்துக்கொள்வேன். இவர் மட்டும் இருந்தால் போதும், வேலை போனாலும் பரவாயில்லை, வேறு எதுவும் கேட்கவே மாட்டேன் என்று அந்தத் தாம்பாளத்துக்கு முன்னால் நின்று வேண்டிக்கொண்டவள் நான். வெறும் கொழுப்புக் கட்டி என்று முடிவு வந்தது. எடுத்துப் போட்டார்கள். அடுத்த வாரமே மிக்ஸி ரிப்பேருக்காக அவரோடு சண்டை போட்டேன்.

அந்தக் கட்டி எனக்கு உலகமாகவே இருந்தது. ஒரே வருஷத்தில் அது இருந்த இடமே என் மனசில் இல்லை. அவருக்கு மட்டும் கை அங்கேயே போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஃபோனில் எவனெவனோ சொல்லும் அடுத்த வருஷத்தை அவர் ஏன் அப்படி உட்கார்ந்து கேட்டார் என்பது அந்த டீக்கடை பெஞ்சில்தான் எனக்குப் புரிந்தது. அடுத்த வருஷம் என்று ஒன்று தனக்கு இருக்குமா என்று அவ்வளவு பக்கத்தில் நின்று பார்த்தவர். அது இருக்கிறது என்று யார் சொன்னாலும் அவருக்கு இனிக்கத்தானே செய்யும். டிரைவர் இல்லாத வண்டியானால் என்ன, தங்கமானால் என்ன.

"சாரிங்க" என்றேன்.

"அட, மறந்தது நல்லதுதான். எனக்குத்தான் மறக்க மாட்டேங்குது, பேஜாரு" என்று சிரித்தார். பிறகு டீ கிளாஸை வைத்துவிட்டுச் சொன்னார்: "உனக்கு எது புடிக்குதோ அத்த செய். ஷூ கம்பெனின்னு நான் சொன்னதெல்லாம் பயத்துல சொன்னது. நீ போய்க்கினு வந்துக்கினு இருந்தது எனக்கும் புடிச்சிதான் இருந்துச்சி. பஸ்ஸ வுட்டு எறங்கும்போது சிரிச்சிக்கினே எறங்குவ."

திங்கட்கிழமை சூப்பர்வைசருக்கு ஃபோன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டேன். சரியாகத்தான் செய்கிறேன் என்ற தைரியத்தில் சொல்லவில்லை. எது சரி என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை என்பது தெரிந்துவிட்டது. பிடித்ததைச் செய்வதாவது என் கையில் இருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு பதிவையும் முன்பைவிட ஆசையாகக் கேட்டேன். இருமும் தாத்தா திரும்ப வருவாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை, அதற்குள் தேறிவிட்டார் போல.

சித்திரை வெயிலில் ஆபீஸை மூடினார்கள். மேனேஜர் அழைத்துச் சொன்னபோது சுவரில் அம்புக்குறி எதுவும் இல்லை, அவர் டையும் கட்டியிருக்கவில்லை. "எனக்கும் இதான் கடைசி மாசம் மேடம்" என்றார். அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஷூ கம்பெனியில் கேட்டுப் பார்த்தோம். லைனுக்கு ஆள் நிரம்பிவிட்டது என்றார்கள். வீட்டுக்காரர் சொன்ன ஆரூடம் அட்சரம் பிசகாமல் பலித்திருந்தது. சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்வார், சொன்னதும் பிடிபிடியென்று பிடித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவே இல்லை.

அடுத்த வாரம் அவர் விழுப்புரத்துக்கு ஒரு லோடு என்று கிளம்பினார். யாருடையது என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சாயங்காலம் நான் சமையலறைத் தரையில் முறத்தை வைத்துக்கொண்டு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தேன். வாசலில் குட்டி யானை வந்து நிற்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்கக் காலி. நடுவில் ஒரே ஒரு நாற்காலி, நாலு பக்கமும் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. வலது கைப்பிடியில் பச்சைத் துணி.

அவர் கயிற்றை அவிழ்த்து, தலையில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"அந்த ஆபீசு சாமானா? நீங்களா ஏத்தினீங்க?"

"மேசைங்கள எல்லாம் பழைய சாமான் கடைக்காரன் எடுத்துக்கினான். இத மட்டும் நான் கேட்டு வாங்கிக்கினேன்."

"வேலையே இல்ல. இந்த நாற்காலிய வச்சிக்கினு இன்னா பண்றது?"

அவர் அதைச் சமையலறை வாசலில் வைத்தார். துண்டால் தூசியைத் தட்டினார். ஒருமுறை சுற்றிவிட்டுப் பார்த்தார், சுற்றியது.

"வேல வரும்போது வரட்டும்" என்றார். "நீ கீழ உக்காராத."

முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்தேன். கண்ணீர் மறைத்ததால் மல்லாட்டையை விட்டுவிட்டுத் தோலை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் எதிரில் தரையில் உட்கார்ந்து, தோலைப் பொறுக்கி வெளியே போட்டார். அன்றைக்கு அவர் அடுத்த வருஷத்தைப் பற்றி எதுவும் பேசவில்லை.